இரண்டாவது கோடு

சின்னவனின் மூக்கு உடைந்த சத்தத்துக்குத்தான் அளவுக்காரி தலை நிமிர்ந்தாள்.

அது கண்ணாடிப் பட்டறை. காலையிலிருந்து மாலைவரை ஏதாவது உடைந்துகொண்டேதான் இருக்கும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இந்தச் சத்தம் வேறு மாதிரி, ஈரமாகக் கேட்டது.

வெட்டுமேசைக்கு அந்தப் பக்கம் அவள் கணவர். மடக்கிய முழங்கை இன்னும் கீழே இறங்கவில்லை. இந்தப் பக்கம் அவருடைய தம்பி சின்னவன், முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, விரலிடுக்கில் ரத்தம் ஒழுக நின்றிருந்தான்.

"அண்ணே... நான் என்ன சொல்லிட்டேன்? ஒரு வார்த்தைதானே அண்ணே!"

"இன்னொரு தடவை சொல்லுடா. பல்லையும் எடுத்துடறேன்."

பட்டறைக்கு அளவெடுத்துத் தருபவள் அவள். கையிலிருந்த அளவுச்சீட்டு தரையில் விழுந்தது.

பதினெட்டு நாளில் இது மூன்றாவது முறை. முதலில் அவர் வீசிய ஒரு முக்காலி, விற்பனைக்கு வைத்திருந்த ஆளுயரக் கண்ணாடியின் நெற்றியில் போய் விழுந்தது. போன செவ்வாய்க்கிழமை வாடிக்கையாளர் முன்னாலேயே தம்பி கன்னத்தில் ஓர் அறை. இன்றைக்கு மூக்கு. இருபத்துநாலு வருடக் குடித்தனத்தில் ஒரு பூனையைக்கூடக் கை ஓங்கி விரட்டாத மனிதர் இவர். கோபம் வந்தால் மொட்டை மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துவிட்டு வருவார்.

தொழிலில் அவருக்கு 'ஒத்தக்கோடு' என்று பெயர். கண்ணாடி வெட்டும் கட்டரின் சிறு சக்கரத்தை மண்ணெண்ணெயில் தொட்டு, கண்ணாடியின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புவரை ஒரே இழுப்பு. அவ்வளவுதான். போட்ட கோட்டின்மேல் இரண்டாம் தடவை கட்டரை வைத்தால் கண்ணாடி சொன்ன பேச்சைக் கேட்காது, தன் இஷ்டத்துக்குப் பிளக்கும். "சந்தேகம் இருந்தா தொடாதே. தொட்டா ஒரே கோடு" என்பது அவர் வேதம். சாப்பாட்டிலிருந்து சம்பந்தம் பேசுவதுவரை எல்லாவற்றுக்கும் அதையே சொல்வார்.

அந்த மனிதர் இன்று காலை, நடனப் பள்ளிக்குப் போகவேண்டிய எட்டடிக் கண்ணாடியில் கோடு போட்டார். கோடு நடுவில் நெளிந்தது. முறைத்துப் பார்த்தவர், அதன்மேலேயே மறுபடியும் கட்டரை வைத்து இழுத்தார்.

சின்னவன் சும்மா இருந்திருக்கலாம். அவன் பிறவியிலேயே சும்மா இருக்கத் தெரியாதவன்.

"பாருங்க அண்ணி! ஒத்தக்கோடு இன்னைக்கு ரெட்டைக்கோடு ஆயிட்டார்!"

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் முழங்கை பாய்ந்தது.

"என்னங்க, என்ன ஆச்சு உங்களுக்கு?" அளவுக்காரி மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

"கிட்ட வராதே!"

அவர் எட்டடிக் கண்ணாடியின் விளிம்பைப் பிடித்து, மேசையிலிருந்து ஒரே தள்ளாகத் தள்ளினார். அது தரையில் விழுந்து வெடித்தது. சில்லுகள் முழங்கால் உயரத்துக்குத் துள்ளின. ஒன்று சின்னவனின் கணுக்காலைக் கிழித்தது.

அத்தோடு அவன் பொறுமையும் போயிற்று.

"போதும் அண்ணே! அறைஞ்ச, வாங்கிக்கிட்டேன். மூக்கை உடைச்ச, அதையும் வாங்கிக்கிட்டேன். நான் என்ன நீ மிதிக்கிறதுக்குப் போட்ட சாக்கா?"

சுவரில் சாய்த்திருந்த அலுமினியச் சட்டம் ஒன்றை உருவினான். ஆள் உயரம் இருந்தது. வீசினான். அது அண்ணனின் தோளில் விழுந்து 'ணங்' என்றது. அண்ணன் அசையவில்லை. சட்டத்தைத் தாண்டிப் பாய்ந்து தம்பியின் கழுத்தைப் பிடித்தார். இருவரும் கண்ணாடிகளைச் சாய்த்து வைக்கும் மரச்சட்டத்தில் மோத, அதில் வரிசையாக நின்ற ஜன்னல் கண்ணாடிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன.

"விடுங்க! விடுடா! ரெண்டு பேரும் விடுங்க!"

யார் கேட்டார்கள்?

உண்மையைச் சொன்னால், அளவுக்காரி அன்று காலை சின்னவன் மேல்தான் கடுப்பில் இருந்தாள். காரணம், நேற்று ஃபிரிட்ஜில் பார்த்த நீலப் பெட்டி.

ஐந்து மாதமாக அவள் எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்கிறாள். வாரம் ஒன்று. வயது நாற்பத்தேழு. முழங்கால் இரண்டும் மாடிப்படியைப் பார்த்தாலே அழ ஆரம்பித்திருந்தன. டாக்டரம்மா எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, பேனா மாதிரி ஓர் ஊசியை எழுதிக் கொடுத்தார். சின்ன அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டும். இப்போது அவள் போடுவது பச்சைப் பேனா. அடுத்த படிக்கு வாங்கி வைத்த நீலப் பேனா ஃபிரிட்ஜின் பின்வரிசையில் பிரிக்காமல் இருந்தது.

நேற்று பார்த்தால் அதன் முத்திரை கிழிந்திருந்தது.

சின்னவனுக்குப் பெண் பார்க்கிறார்கள். போட்டோவில் தொப்பை தெரிகிறது என்று பத்து நாளாகப் புலம்பிக்கொண்டிருக்கிறான். வேறு யாராக இருக்க முடியும்? இன்று மதியம் அவனைத் தனியாகப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றிருந்தாள்.

இப்போது அவன் தொண்டை அண்ணன் கையில் இருந்தது. முகம் கருத்துக்கொண்டு வந்தது. கடைசி முயற்சியாக அண்ணனின் சட்டையைப் பற்றி இழுத்தான். பொத்தான்கள் தெறித்தன. சட்டை இடுப்புவரை கிழிந்தது.

அளவுக்காரி பார்த்தாள்.

தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி ஒரு நீலப் புள்ளி. பக்கத்தில் இன்னொன்று, மங்கி மஞ்சளாகி இருந்தது. தினமும் குளிக்கும்போது தன் வயிற்றில் அவள் பார்க்கும் அதே ஊசிப் புள்ளிகள்.

ஒரு நொடியில் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பதினெட்டு நாளாகத் தள்ளிவைத்த தட்டு. "பசியில்ல, நீ சாப்பிடு." இடுப்பில் நிற்காமல் நழுவும் பேண்ட். இன்று காலையும் அவர் ஒரு வாய் சாப்பிடவில்லை. ஆனால் சர்க்கரை வியாதிக்கான இரண்டு மாத்திரையையும் விழுங்கினார். கடிகாரம் தப்பினாலும் அவர் மாத்திரை தப்பாது. அதில் அவருக்கு ஒரு பெருமை.

காற்று குளிர்ந்திருந்தது. அவர் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. கழுத்தை நெரிக்கும் விரல்கள் வெடவெடவென்று நடுங்கின.

"வீட்ல சர்க்கரை மாத்திரை போடுறவங்க இருந்தா இந்தப் பேனாவை அவங்க கண்ணுலகூடக் காட்டாதீங்க" என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். "சாப்பிடாம ரெண்டும் சேர்ந்தா சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போயிடும். ஆளே மாறிடுவாங்க. சண்டைக்கு வருவாங்க, அடிப்பாங்க. அப்புறம் மயங்கிடுவாங்க. மயங்கினா திரும்புவாங்கன்னு உத்தரவாதம் இல்ல."

"தம்பி, அவரை அடிக்காதே! அண்ணனுக்குச் சக்கரை இறங்கிடுச்சுடா!"

அண்ணனின் பிடி தளர்ந்து தரையில் சரிந்த சின்னவன், மூச்சுக்குத் தவித்தபடி கத்தினான். "சக்கரையா? என் மூக்கே இறங்கிடுச்சு அண்ணி!"

"ஏய், பொண்ணு! கீழ வா!"

கண்ணாடியில் பூ வேலை வரையும் மகள் மாடியில், வீட்டில்தான் இருந்தாள். படியில் பாதி இறங்கியவள், கீழே கிடந்த கோலத்தைப் பார்த்து வாயைப் பொத்தினாள்.

"சக்கரை கரைச்சு எடுத்துட்டு வா! அரை டம்ளர் தண்ணி, அஞ்சு ஸ்பூன். ஓடு!"

"அப்பாவுக்கு என்னம்மா?"

"என் ஊசியை எடுத்துப் போட்டிருக்கார்!"

"ஐயோ, அந்த நீலப் பேனாவா?"

"ஓடுன்னு சொன்னேன்!"

மகள் ஓடினாள். அதற்குள் அவர் குனிந்து தரையிலிருந்து ஒரு சில்லை எடுத்திருந்தார். முழங்கை நீளம், நுனி ஈட்டி மாதிரி. வெறுங்கையால் இறுக்கிப் பிடித்திருந்ததில் உள்ளங்கை கிழிந்து ரத்தம் மணிக்கட்டு வழியாக வழிந்தது. அவருக்கு வலித்ததாகத் தெரியவில்லை.

"யாரு நீ?" என்று மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

அவர் அடித்திருந்தால்கூட அளவுக்காரி தாங்கியிருப்பாள்.

"நான்தாங்க. அதைக் கீழ போடுங்க."

"எல்லாரும் சேர்ந்து என்னைக் கவுக்கப் பாக்குறீங்க." நாக்கு குழறியது. "கிட்ட வந்தா குத்திடுவேன்."

பட்டறைக்கு ஒரு சட்டம் உண்டு. விழுகிற கண்ணாடியைப் பிடிக்காதே, கையை விடு, காலை எடு. இந்தத் தொழிலுக்கு வந்த முதல் நாளே அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் எதிரில் நிற்கும் இந்த மனிதர்தான். கண்ணாடி வேறு கிடைக்கும், கை வேறு கிடைக்காது என்பார்.

அவள் மேசையிலிருந்து தோல் கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டு, நேராக நடந்தாள்.

சில்லு அவள் வயிற்றை நோக்கி வந்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்தாள். அவர் இழுத்தார். கையுறை கிழிந்தது, அதன் அடியில் அவள் உள்ளங்கையும் கிழிந்தது. விடவில்லை. ஒரு திருகு. சில்லு நடுவில் முறிந்தது. அவர் இடது கை சுழன்று வந்து அவள் தாடையில் விழுந்தது. கண்ணில் பூச்சி பறந்தது. அப்படியே அவர் இடுப்பைக் கட்டிப்பிடித்து, கம்பளி விரித்த வெட்டுமேசைமேல் அவரைச் சாய்த்து, மார்புக்குக் குறுக்கே முன்கையை வைத்து அமுக்கினாள்.

தினமும் காலையில் அவள் எடை தூக்குவாள். உடம்பு இளைக்கும்போது கொழுப்போடு சதையும் சேர்ந்து கரையும், பசிக்காவிட்டாலும் முட்டை, பருப்பு, மீன் என்று அளவாகச் சாப்பிட வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், எடை தூக்க வேண்டும் என்பது டாக்டரம்மாவின் கண்டிப்பு. எடைக்கு எங்கே போவது? இரண்டு பெயின்ட் டப்பாக்களில் உடைந்த கண்ணாடியை நிரப்பிக்கொண்டாள். தூக்கும்போது கலகலவென்று சத்தம் வரும். "அண்ணி தூக்குற சத்தத்துலதான் தெருவே எந்திரிக்குது. சேவலுக்கெல்லாம் வேலை போச்சு" என்பான் சின்னவன்.

அந்த டப்பாக்கள் இன்று கை கொடுத்தன. அவருக்குத்தான் வலு இல்லை. முழுக் கண்ணாடியை ஒற்றை ஆளாகச் சுமந்த தோள், அவள் முன்கைக்கு அடியில் நனைந்த துணி போலக் கிடந்தது. அவளுக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை.

"தம்பி! காலைப் பிடிடா!"

"என்னையா கூப்பிடறீங்க?"

"பின்ன அந்தக் கதவையா கூப்பிடறேன்? பிடி!"

சின்னவன் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டச் சொட்ட வந்து அண்ணனின் கால்களைக் கட்டிக்கொண்டான். மகள் டம்ளரோடு வந்தாள். பாதி சிந்தியிருந்தது.

முதல் வாய் சர்க்கரைத் தண்ணீரை அவர் மனைவியின் முகத்திலேயே துப்பினார். இரண்டாம் தடவை, கையுறையை உதறிவிட்டு நீட்டிய அவள் விரலைக் கடித்தார். பல் எலும்புவரை போனது.

"கடிங்க. நல்லாக் கடிங்க. ஆனா முழுங்குங்க." தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். "முழுங்குங்க. ம்... இன்னொரு வாய்."

தொண்டை ஏறி இறங்கியது.

மேசை இழுப்பறையில் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தது. குத்தவேண்டிய அவசியமே இல்லை, கையில்தான் ரத்தம் ஓடுகிறதே. அவர் விரலைத் துடைத்து ஒரு சொட்டு வைத்தாள். நாற்பத்தொன்று.

எழுபதுக்குக் கீழே போகக் கூடாது.

இன்னொரு டம்ளர். கால் மணி நேரம் ஒரு வருடம் மாதிரி நகர்ந்தது. ஐம்பத்தெட்டு. மறுபடி ஒரு டம்ளர். எழுபத்தாறு.

அவர் கண் மெல்லத் தெளிந்தது. கூரையைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். பிறகு காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்தார்.

"உன் மூக்குக்கு என்னடா?"

"தெரியலைண்ணே. அதுவா கழண்டுடுச்சு."

அளவுக்காரி சிரிக்கவில்லை. "எத்தனை தடவை போட்டீங்க?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உங்களைத்தான் கேக்குறேன்."

"மூணு. வாரத்துக்கு ஒண்ணு."

"நீலத்தையா? எடுத்த எடுப்புலயா? நான் அஞ்சு மாசமா இன்னும் பச்சையில நிக்கிறேன். ஏங்க?"

"படிப்படியா ஏத்துறதெல்லாம் யாருக்கு? எனக்குத் தெரிஞ்சது ஒரே கோடு." குரல் சன்னமாக இருந்தது. "நீ இப்பெல்லாம் மாடிக்கு மடமடன்னு ஏறிடற. நான் நாலாவது படியில மூச்சு வாங்கிட்டு நிக்கிறேன். திரும்பிப் பாத்து, 'மெதுவா வாங்க'ன்னு சொன்ன பாரு... அன்னைக்குத்தான் எடுத்தேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா உங்களையும் டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போயிருப்பேன். உங்க மாத்திரையைக் குறைச்சு, ஊசி சரிப்படுமான்னு பாத்துச் சொல்லியிருப்பாங்க. உங்களுக்குன்னு தனிப் பேனா தந்திருப்பாங்க. ஒருத்தர் பேனாவை இன்னொருத்தர் தொடவே கூடாது, முனையில இருக்குற ஊசியை மாத்தினாலும் கூடாது."

"தப்புதான். இவனை அடிச்சதெல்லாம் நான் இல்லை, அந்த ஊசி..."

"இன்னைக்கு அடிச்சது ஊசியா இருக்கலாம். செவ்வாய்க்கிழமை அவனை அறைஞ்சப்ப நீங்க வயிறு நிறைய சாப்பிட்டிருந்தீங்க. அன்னைக்கு ஒரு நாள்தான் சாப்பிட்டீங்க, நான்தான் பரிமாறினேன். அதுக்கு நீங்கதான் அவன்கிட்ட பதில் சொல்லணும்."

சின்னவன் தரையைப் பார்த்தான். அண்ணன் ரத்தம் தோய்ந்த கையை நீட்டித் தம்பியின் தலைமேல் வைத்தார். அவன் தள்ளிவிடவில்லை, சாய்ந்துகொள்ளவும் இல்லை.

அளவுக்காரி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"சர்க்கரை ஏறிடுச்சேன்னு வீட்ல வச்சுக்காதீங்க. அவர் போடுற மாத்திரை லேசுப்பட்டது இல்ல. இன்னும் கொஞ்ச நேரத்துல மறுபடி இறக்கும். உடனே ஆஸ்பத்திரி. ராத்திரி முழுக்க அங்கேயே இருக்கணும். மாத்திரை அட்டையும் அந்தப் பேனாவும் கையில கொண்டு போங்க. எவ்வளவு உள்ள போயிருக்குன்னு அவங்க பாக்கணும்."

சின்னவன் கண்ணாடி ஏற்றும் வேனைப் பின்னால் நகர்த்தினான். ஒரு கையால் ஸ்டியரிங், மறு கையால் மூக்கில் துணி. அண்ணனை முன் இருக்கையில் ஏற்றிக் கையில் மறுபடி ஒரு டம்ளரைக் கொடுத்தார்கள். அதைக் கரைத்துக் கொண்டுவந்த மகள் உடனே மாடிக்குத் திரும்பிவிட்டாள்.

"குடிச்சுக்கிட்டே இருங்க. கண்ணை மூடாதீங்க. தம்பி, பேச்சுக் கொடுத்துக்கிட்டே இரு."

"அதுக்குச் சொல்லணுமா அண்ணி?"

அளவுக்காரி கிழிந்த கையைத் துணியால் சுற்றிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். மாத்திரை அட்டை அலமாரியில் இருந்தது. ஃபிரிட்ஜைத் திறந்து நீலப் பெட்டியிலிருந்து பேனாவை எடுத்தாள்.

நாலு வாரத்துக்கான மருந்து. மூன்று தடவை போட்டிருக்கிறார். ஒன்று மிச்சம் இருக்க வேண்டும்.

டயலைத் திருப்பினாள். நகரவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். உள்ளே ஒரு சொட்டு இல்லை.

மூன்றுதான் என்றார். தெளிந்த கண்ணோடு சொன்னார். அவர் பொய் சொல்லும்போது காது மடலைத் தடவுவார். இன்று தடவவில்லை.

அப்படியானால் நாலாவது?

கீழே வேனின் ஹார்ன் அடித்தது.

'ஐயோ, அந்த நீலப் பேனாவா?'

படியில் நின்று மகள் கேட்டது இப்போதுதான் காதில் ஏறியது. நீலம் என்று அதுவரை யாரும் சொல்லவில்லை. இந்த வீட்டில் தட்டைத் தள்ளிவைத்தது ஒருவர் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். "மதியமே சாப்பிட்டுட்டேன்மா", "தோழி வீட்ல சாப்பிட்டேன்மா" என்று இந்த வாரம் முழுக்க ஒரு குரல் கேட்டுக்கொண்டிருந்தது. எலும்பும் தோலுமாக இருக்கும் இருபது வயதுப் பெண்ணுக்கு எதற்கு ஊசி என்று எந்தத் தாய்க்குத்தான் தோன்றியிருக்கும்?

குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே குழாய் முழுவதும் திறந்து கொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம், குடலே வெளியே வருவது போல ஓங்கரிப்பு.

"பொண்ணு! கதவைத் திற!"

ஓங்கரிப்பு நின்றது. தண்ணீர் மட்டும் கொட்டியது.

"அம்மா திட்ட மாட்டேன். திற கண்ணு."

உள்ளே எதையோ பிடிக்கப் போய்த் தவறவிட்ட சத்தம். வாளி உருண்டது. அதைத் தொடர்ந்து, கனமாக ஒன்று தரையில் விழுந்தது.

கீழே ஹார்ன் இரண்டாவது தடவை அடித்தது. "அண்ணி! அண்ணனுக்கு மறுபடியும் வேர்க்குது! சீக்கிரம்!"

அளவுக்காரி பேனாவையும் மாத்திரை அட்டையையும் இடுப்பில் செருகினாள். கதவைப் பார்த்தாள். மரக்கதவு, உள்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள். அளவெடுத்து மாட்டச் சொன்னதே அவள்தான்.

இரண்டு எட்டு பின்னால் போனாள். தோளைக் கொடுத்து, தலையைக் குனிந்து, ஓடினாள்.